பாய்லர் பிரஷர் நிற்கவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழையைக் கண்டுபிடிப்பது எப்படி

பாய்லரில் பிரஷர் குறைந்துவிட்டால் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான். ஃபில்லிங் லூப் என்ற நிரப்பும் குழாயைத் திறந்து தண்ணீரை ஏற்றுவார்கள், பிரஷர் கேஜின் முள் பச்சைப் பகுதிக்கு வந்ததும் மூடுவார்கள், அடுத்த முறை வீடு குளிரும்வரை அதை மறந்துவிடுவார்கள். எப்போதாவது ஒருமுறை என்றால் தப்பில்லை. வாரம் தவறாமல் இதையே செய்கிறீர்கள் என்றால் பாய்லரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கிறீர்கள். வீட்டைச் சூடாக்கும் இந்த அமைப்பு ஒரு மூடிய சுற்று. பாய்லருக்கும், அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கும் இடையே அதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வருகிறது, அது குறையவே கூடாது. குறைந்தால் எங்கோ வெளியே போகிறது என்று அர்த்தம். புதிதாக ஏற்றும் தண்ணீர் ஒவ்வொரு முறையும் ஆக்சிஜனையும் உப்பையும் உள்ளே கொண்டுவருகிறது, இன்ஹிபிட்டர் என்ற துரு தடுப்பு மருந்தையும் நீர்த்துப்போகச் செய்கிறது. அப்புறம் ரேடியேட்டரின் உட்புறம் அரித்து, அந்தத் துரு கருப்புச் சகதியாகிப் பம்ப்பையும், நெருப்பின் சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரையும் அடைக்கும்.

அதனால் முள் எந்த எண்ணில் நிற்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அது எப்போது நகர்கிறது என்று பாருங்கள். சூடாகும்போதா, ஆறும்போதா, அணைத்து வைத்திருக்கும்போதுமா? பாதிக்கு மேல் பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

தொடங்கும் முன் இரண்டு விஷயம். இது பிரஷர் கேஜ் உள்ள மூடிய அமைப்புகளுக்கு மட்டும். கூரைக்கடியில் சின்னத் தொட்டி வைத்து அதிலிருந்து தானாகத் தண்ணீர் இறங்கும் பழைய வகை உங்களுடையது என்றால் இதில் எதுவும் பொருந்தாது. இரண்டாவது, கேஸ் வாசனை வந்தாலோ கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்தாலோ பிரஷரை மறந்துவிட்டு எல்லோரும் முதலில் வீட்டைவிட்டு வெளியே வாருங்கள், வெளியிலிருந்து அவசர உதவிக்குப் போன் செய்யுங்கள். பாய்லரின் முன்மூடியையும் கழற்ற வேண்டாம். பல மாடல்களில் எரிந்த புகை வீட்டுக்குள் வராமல் தடுக்கும் சீலே அந்த மூடிதான். உரிமம் பெற்ற கேஸ் டெக்னீஷியன் மட்டும்தான் அதில் கை வைக்க வேண்டும். கீழே சொல்லும் சோதனைகளில் பெரும்பாலானவை மூடிக்கு வெளியிலேயே செய்யக்கூடியவை.

முதலில் எண்கள்

பாய்லர் ஆறிப்போய் இருக்கும்போது 1 முதல் 1.5 பார் (பிரஷரை அளக்கும் அலகு) வரை இருந்தால் நல்லது. சூடானதும் கொஞ்சம் ஏறி 2 பார் வரை போகலாம், அது இயல்பு. தண்ணீர் சூடானால் விரியும், அவ்வளவுதான். 3 பார் வந்தால் சேஃப்டி வால்வு திறந்து தண்ணீரை வெளியே தள்ளும். கீழ்ப்பக்கம் பார்த்தால், 0.5 பார் அளவுக்கு இறங்கியதும் பல பாய்லர்கள் தாமாகவே நின்றுவிடும். கேஜில் பி.எஸ்.ஐ. கணக்கு இருந்தால் 1 பார் என்பது ஏறக்குறைய 14.5 பி.எஸ்.ஐ.

இந்த 1 பார் எதற்கு என்றும் தெரிந்துகொள்ளுங்கள். தண்ணீரை 10 மீட்டர் உயரத்துக்கு நிறுத்திவைக்கத் தேவையான அழுத்தம் அது. பாய்லர் தரைத்தளத்தில், கடைசி ரேடியேட்டர் 6 மீட்டர் மேலே என்றால், அந்த உயரத்துக்கே 0.6 பார் போய்விடும். அதற்கு மேலும் கொஞ்சம் மிச்சம் இருந்தால்தான் மேலே தண்ணீர் நிறைந்து நிற்கும், காற்று சேராது. உயரமான வீட்டில் 1 பார் போதாமல் மேல்மாடி மட்டும் குளிர்ந்து கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது ஒரு வேலை. காலையில் பாய்லர் ஓடத் தொடங்கும் முன் ஒரு முறை, ஒரு மணி நேரம் ஓடிய பிறகு ஒரு முறை, கேஜைப் போனில் படம் எடுத்து வையுங்கள். சில நாள் இப்படிச் செய்தாலே போதும், கீழே உள்ளவற்றில் எது உங்கள் பிரச்சினை என்று தெரிந்துவிடும்.

பாய்லர் நின்றுவிட்டது, முள் பூஜ்யத்தில்

திரையில் ஏதாவது குறியீடு வந்திருக்கும். வைலன்ட் மாடல்களில் எஃப் 22, ஐடியல் லாஜிக்கில் எஃப் 1, இவையெல்லாம் தண்ணீர் பிரஷர் குறைவு என்று சொல்பவை. மற்றவற்றுக்குக் கையேட்டைப் பாருங்கள்.

பாய்லரை அணைத்து நன்றாக ஆறவிடுங்கள். சூடாக இருக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் குளிர்ந்த தண்ணீர் பாய்ந்தால் அது விரிசல் விடக்கூடும், இதில் அவசரப்பட வேண்டாம். அப்புறம் ஃபில்லிங் லூப்பைத் தேடுங்கள். பெரும்பாலும் பாய்லருக்கு அடியில், உலோகப் பின்னல் போட்ட ஒரு குட்டைக் குழாய், இரு முனையிலும் அல்லது ஒரு முனையில் வால்வு இருக்கும். சில மாடல்களில் குழாயே இல்லாமல் ஒரு லீவர் அல்லது ஒரு பிளாஸ்டிக் சாவி மட்டும் இருக்கும். குழாய் வகை என்றால் இரு முனையும் இறுக்கமாக மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒரு வால்வை முழுதாகத் திறங்கள், மற்றதை மெல்லத் திறங்கள். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். கண்ணைக் கேஜை விட்டு எடுக்காதீர்கள். 1.2 அல்லது 1.3 வந்ததும் இரண்டையும் மூடுங்கள். கழற்றக்கூடிய குழாயாக இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள், குடிதண்ணீர்க் குழாயையும் ஹீட்டிங் தண்ணீரையும் நிரந்தரமாக இணைத்து வைப்பது சரியில்லை. பிறகு ரீசெட் செய்து ஓடவிடுங்கள்.

வால்வைத் திறந்தும் முள் அசையவில்லையா? வீட்டின் மெயின் தண்ணீர் வருகிறதா என்று ஒரு குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் பாயும் சத்தம் கேட்டும் முள் அப்படியே இருந்தால் உடனே மூடிவிட்டு ஒரு ரேடியேட்டரின் காற்றுத் திருகைக் கொஞ்சம் திறங்கள். தண்ணீர் வேகமாகப் பீய்ச்சி அடித்தால் பிரஷர் இருக்கிறது, கேஜ்தான் கெட்டுப்போயிருக்கிறது. தண்ணீரும் வராமல் முள்ளும் ஏறாமல், ஏற்ற ஏற்ற எங்கோ போய்க்கொண்டே இருந்தால் பெரிய கசிவு. தண்ணீர் ஏற்றுவதை நிறுத்திவிட்டு வீடு முழுக்கத் தரையையும் சுவரையும் பாருங்கள்.

நாள்கணக்கில், வாரக்கணக்கில் மெல்ல இறங்குகிறது

அதிகம் பேருக்கு வரும் பிரச்சினை இதுதான், அதிகம் பேர் அலட்சியப்படுத்துவதும் இதைத்தான்.

முதலில் கவலைப்படத் தேவையில்லாதவற்றைக் கழித்துவிடலாம். அண்மையில் ரேடியேட்டரில் காற்று எடுத்தீர்களா? எடுத்திருந்தால் பிரஷர் குறையத்தான் செய்யும், ஒரு முறை ஏற்றினால் முடிந்தது. புது அமைப்பா, அல்லது தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு நிரப்பியதா? அப்போது தண்ணீரில் கரைந்திருந்த காற்று முதல் சில வாரங்களில் மெல்ல வெளியேறும், அதனாலும் கொஞ்சம் இறங்கும். இவை இரண்டும் இல்லையென்றால் தண்ணீர் எங்கோ போகிறது.

கண்ணுக்குத் தெரியும் கசிவிலிருந்து தொடங்குங்கள். ரேடியேட்டரின் இரு பக்க வால்வுகளின் தண்டு, குழாய் சேரும் நட், ரேடியேட்டரின் கீழ் விளிம்பு, டவல் காயப்போடும் ரேடியேட்டரின் மூலைகள் என ஒவ்வொன்றையும் டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள். சூடாக இருக்கும்போது கசியும் தண்ணீர் உடனே ஆவியாகிவிடும், அதனால் ஈரத்தை மட்டும் தேடாமல் தடத்தையும் தேடுங்கள். செம்புக் குழாய் இணைப்பில் பச்சைப் படிவு, நட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி, ரேடியேட்டருக்கு அடியில் துருக்கோடு இவையெல்லாம் பழைய கசிவின் சாட்சி. இந்தத் தேடலைப் பாய்லர் ஆறியிருக்கும்போது செய்வது நல்லது, ஏனென்றால் குளிர்ந்து சுருங்கும்போது மட்டும் கசிந்து, சூடாகி விரிந்ததும் அடைத்துக்கொள்ளும் இணைப்புகள் உண்டு. வால்வுத் தண்டில் கசிந்தால் தண்டைச் சுற்றியிருக்கும் கிளாண்ட் நட்டை ஸ்பேனரால் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள், பல நேரம் அதிலேயே நின்றுவிடும்.

எதுவும் தெரியவில்லையா, வீட்டுக்கு வெளியே போங்கள். சேஃப்டி வால்விலிருந்து ஒரு செம்புக் குழாய் சுவரைத் தாண்டி வெளியே வந்து, பெரும்பாலும் சுவரைப் பார்த்து வளைந்து நிற்கும். அதன் வாயில் ஒரு பிளாஸ்டிக் பையைத் தளர்வாகக் கட்டிவிட்டு மறுநாள் பாருங்கள். பைக்குள் தண்ணீர் இருந்தால் தண்ணீர் போகும் வழி அதுதான். ஆனால் சேஃப்டி வால்வு கசிவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். எப்போதோ ஒருமுறை திறந்தபோது துருத்துகள் இடையில் மாட்டி முழுக்க மூடாமல் நிற்கலாம், அல்லது ஒவ்வொரு முறை சூடாகும்போதும் பிரஷர் 3 பாரைத் தொட்டுத் திறக்கலாம். உங்கள் போன் படங்களைப் பாருங்கள். சூடான நேரத்திலும் 2 பாருக்குள் இருந்தால் முதல் காரணம், வால்வை மாற்றினால் போதும். 3 வரை போயிருந்தால் அடுத்த பகுதியைப் படிக்காமல் வால்வை மட்டும் மாற்றாதீர்கள், புது வால்வும் அதேபோலக் கசியத் தொடங்கும்.

வெளிக்குழாயும் காய்ந்திருக்கிறது, வீட்டுக்குள்ளும் ஈரமில்லை என்றால் சந்தேகம் இரண்டு இடத்தின் மேல்தான்: பாய்லரின் உள்ளே, அல்லது தரைக்கு அடியில். கன்டென்சிங் பாய்லரில் (புகையிலுள்ள நீராவியைத் தண்ணீராக்கி அதன் சூட்டையும் பயன்படுத்தும் வகை) முதன்மை ஹீட் எக்ஸ்சேஞ்சர் விரிசல் விட்டால் அந்தத் தண்ணீர் அந்த நீராவித் தண்ணீரை வடிக்கும் கன்டென்சேட் குழாய் வழியாக நேராகச் சாக்கடைக்குப் போய்விடும், ஒரு சொட்டுகூட வெளியே தெரியாது. எந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்க்க ஒரு நல்ல சோதனை உண்டு. பாய்லரை அணைத்து முழுக்க ஆறவிட்டு, 1.5 பார் வரை ஏற்றி, ஃபில்லிங் லூப்பைக் கழற்றிவிட்டு, பாய்லருக்கு அடியில் ரேடியேட்டர்களுக்குப் போகும் குழாயிலும் திரும்பி வரும் குழாயிலும் உள்ள ஐசொலேஷன் வால்வுகள் இரண்டையும் மூடுங்கள். இந்த நிலையில் யாரும் ஹீட்டிங்கைப் போட்டுவிடக் கூடாது, பாய்லர் மேலேயே ஒரு சீட்டு ஒட்டி வையுங்கள். இரவு முழுக்க விட்டுக் காலையில் பார்த்தால், கேஜ் இறங்கியிருந்தால் கசிவு பாய்லர் பக்கம். அசையாமல் நின்றிருந்தால் குழாய், ரேடியேட்டர் பக்கம்.

இந்தச் சோதனையில் பலர் ஏமாறுவது நேர விஷயத்தில். உங்கள் வீட்டில் பிரஷர் இறங்க இரண்டு வாரம் எடுக்கிறது என்றால் ஒரு இரவில் முள் அசையாததை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. ஹீட்டிங் தேவைப்படாத பருவத்தில் சில நாள் மூடி வைத்துப் பார்ப்பதுதான் சரி. பழைய வால்வுகள் முழுக்க மூடாமல் போவதும் உண்டு, அப்போது பாய்லர் நன்றாக இருந்தாலும் முள் இறங்கும். இன்னொன்று, சூடானால் மட்டும் திறக்கும் விரிசல் இந்தச் சோதனையில் சிக்காது. பாய்லர் ஓடும் நாட்களில் மட்டும் இறங்குகிறது, ஓடாத நாட்களில் அப்படியே நிற்கிறது என்று உங்கள் படங்கள் சொன்னால் ஹீட் எக்ஸ்சேஞ்சர் மேல் சந்தேகம் வைத்து டெக்னீஷியனிடம் சொல்லுங்கள்.

தரைக்கடியில்தான் என்று தோன்றினால், தரையில் ஒரு இடம் மட்டும் காரணமில்லாமல் வெதுவெதுப்பாக இருக்கிறதா, மரத்தரை உப்பியிருக்கிறதா, சுவரின் கீழ்ப்பகுதியில் பெயின்ட் உரிகிறதா என்று பாருங்கள். உறை இல்லாமல் சிமென்டில் புதைத்த செம்புக் குழாய் காலப்போக்கில் அரித்துப்போகும். கண்ட இடத்தில் உடைப்பதற்கு முன் வெப்பக் கேமரா வைத்திருக்கும் ஆளைக் கூப்பிடுங்கள், ஹீட்டிங்கைப் போட்டால் குழாய் போகும் பாதையே கேமராவில் தெரியும். சுற்றுக்குள் ஊற்றும் லீக் சீலர் திரவங்கள் பற்றியும் கேட்பீர்கள். தரையை உடைக்கவே முடியாத நிலையில் சொட்டுச்சொட்டான கசிவுக்குக் கடைசி வழியாக வேண்டுமானால் பார்க்கலாம். பல பாய்லர் நிறுவனங்கள் அதை ஏற்பதில்லை, வாரண்டி போகலாம். முதல் வேலையாக அதை ஊற்றுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

சூடானால் 3 வரை ஏறுகிறது, ஆறினால் பூஜ்யத்துக்கு வருகிறது

இது எக்ஸ்பான்ஷன் வெசல். ஏறக்குறைய உறுதியாகவே சொல்லலாம்.

தண்ணீரை அமுக்க முடியாது. 10 டிகிரியிலிருந்து 80 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் ஏறக்குறைய 3 சதவீதம் விரியும். அதாவது சுற்றில் 100 லிட்டர் இருந்தால் 3 லிட்டர் கூடுதல் இடம் வேண்டும். அந்த இடத்தைத் தருவதுதான் இந்த வெசல். உள்ளே நடுவில் ஒரு ரப்பர் டயஃப்ரம், ஒரு பக்கம் ஹீட்டிங் தண்ணீர், மறுபக்கம் அடைத்துவைத்த காற்று. தண்ணீர் விரியும்போது காற்று அமுங்கி இடம் கொடுக்கும். சைக்கிள் ட்யூப் மாதிரியே வருஷக்கணக்கில் இந்தக் காற்றும் மெல்ல இறங்கிவிடும். இறங்கியபின் விரிந்த தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை, பிரஷர் ஏறி சேஃப்டி வால்வு திறந்து தண்ணீர் வெளியே போகிறது, ஆறியதும் அந்தத் தண்ணீர் இல்லாததால் பூஜ்யம். நீங்கள் மறுபடி ஏற்றுகிறீர்கள், மறுநாள் அதுவும் வெளியே போகிறது.

வெசலில் டயர் வால்வு போலவே ஒரு வால்வு இருக்கும். அந்த வால்வின் மூடியைக் கழற்றி நடு ஊசியை ஒரு நொடி அழுத்துங்கள். காற்று வந்தால் டயஃப்ரம் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. தண்ணீர் வந்தால் கிழிந்துவிட்டது, வெசலை மாற்றித்தான் ஆக வேண்டும், காற்றடித்துப் பயனில்லை. எதுவுமே வராவிட்டால் காற்று முழுக்கப் போயிருக்கிறது. வெசல் பாய்லருக்கு வெளியே, சுவரில் தனியாகத் தொங்கும் சிவப்பு அல்லது வெள்ளை உருளையாக இருந்தால் இதை நீங்களே செய்யலாம். பாய்லரின் மூடிக்குள் இருந்தால் டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள்.

காற்றடிக்கும்போது பலர் விடும் ஒரு படி இருக்கிறது: தண்ணீர்ப் பக்கப் பிரஷர் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். பாய்லரை அணைத்து ஆறவிட்டு, வடிகால் வால்வில் ஹோஸ் மாட்டி, கேஜ் பூஜ்யம் ஆகும்வரை தண்ணீரை எடுத்துவிட்டு, அந்த வால்வைத் திறந்தே வைத்துக்கொண்டு காற்றடியுங்கள். காற்று நிரம்ப நிரம்ப டயஃப்ரம் மிச்சத் தண்ணீரை வெளியே தள்ளும். தண்ணீர்ப் பக்கம் பிரஷர் இருக்கும்போது அளந்தால் டயர் கேஜ் தண்ணீரின் பிரஷரைத்தான் காட்டும், வெசல் நன்றாக இருப்பதுபோல ஏமாற்றிவிடும். எவ்வளவு காற்று என்பது வெசல் மேலேயோ கையேட்டிலோ இருக்கும், வீட்டுப் பாய்லர்களில் பெரும்பாலும் 0.75 முதல் 1 பார். கையால் அல்லது காலால் அடிக்கும் பம்ப் போதும், கம்ப்ரஸர் வேண்டாம். பிறகு வடிகாலை மூடி, தண்ணீரை 1.2 பார் வரை ஏற்றி, ரேடியேட்டர்களில் காற்று எடுத்து, மறுபடி கேஜைப் பாருங்கள்.

சில மாதங்களிலேயே மறுபடி காற்று இறங்கினால் வால்வு ஊசி கசிகிறது அல்லது டயஃப்ரம் போய்க்கொண்டிருக்கிறது. காற்று சரியாக இருந்தும் பிரஷர் முன்போலவே தாவினால் வெசலுக்குப் போகும் சின்னக் குழாய் சகதியால் அடைத்திருக்கலாம், இதை நிறைய பேர் பார்க்காமல் நல்ல வெசலை மாற்றிவிடுகிறார்கள்.

அணைத்து வைத்திருந்தாலும் ஏறுகிறது

சூடாகாமலே ஏறினால் வெளியிலிருந்து தண்ணீர் உள்ளே வருகிறது. ஃபில்லிங் லூப்பின் வால்வு முழுக்க மூடாமல் இருப்பதுதான் முதல் சந்தேகம். லூப்பைக் கழற்றிவிட்டு, ஒரு ரேடியேட்டரில் வாளி வைத்துப் பிரஷரை 1.2க்கு இறக்கி, அப்படியே விட்டுப் பாருங்கள். ஏறுவது நின்றுவிட்டால் லூப் வால்வை மாற்றினால் முடிந்தது.

லூப் இல்லாமலும் ஏறுகிறதா? வீட்டையும் குழாய்த் தண்ணீரையும் ஒன்றே சூடாக்கும் காம்பி பாய்லர் என்றால் குளிக்கும் தண்ணீரைச் சூடாக்கும் பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் உள்ளுக்குள்ளேயே ஓட்டை விழுந்திருக்கலாம். மெயின் தண்ணீரின் பிரஷர் ஹீட்டிங் சுற்றைவிட அதிகம் என்பதால் அது இந்தப் பக்கம் பாயும். பாய்லருக்கு வரும் குளிர்தண்ணீர் வால்வை மூடிவிட்டு முள்ளைக் கவனியுங்கள். ஏறுவது நின்றால் சந்தேகம் உறுதி. தனியாகச் சுடுதண்ணீர் சிலிண்டர் இருந்தால் அதற்குள் இருக்கும் சுருள் குழாயும் இதேபோல ஓட்டையாகலாம். இரண்டுமே டெக்னீஷியன் வேலைதான், தள்ளிப்போடாதீர்கள். குடிக்கும், குளிக்கும் தண்ணீரும் ஹீட்டிங் தண்ணீரும் சேரக்கூடிய இடம் இது.

ஆறியிருக்கும்போதே 2க்கு மேல்

தண்ணீரைக் கூடுதலாக ஏற்றிவிட்டீர்கள், அவ்வளவுதான். ரேடியேட்டர் திருகில் துணியும் கிண்ணமும் வைத்து வேண்டிய அளவு எடுத்துவிடுங்கள். கருப்புத் தண்ணீர் வரும், கார்ப்பெட்டில் பட்டால் போகாது.

பம்ப் ஓடத் தொடங்கியதும் முள் துள்ளுகிறது, அல்லது அசைவதே இல்லை

பம்ப் ஓடும்போது முள் சட்டென்று இறங்கி, நின்றதும் பழைய இடத்துக்கு வந்தால் தண்ணீர் குறையவில்லை, பம்ப்புக்கு வரும் வழியில் அடைப்பு இருக்கிறது. திரும்பி வரும் குழாயில் உள்ள ஃபில்டரை, காந்த ஃபில்டர் இருந்தால் அதையும், சுத்தம் செய்யச் சொல்லுங்கள். ரேடியேட்டர்கள் மேலே சூடாகவும் கீழ்நடுவில் குளிராகவும் இருந்தால் சகதிதான் காரணம் என்பது இன்னும் உறுதியாகும். மேலே குளிர், கீழே சூடு என்றால் அது காற்று. ரேடியேட்டர்களில் அடிக்கடி காற்று சேர்கிறது என்றால் அது வெறும் காற்றாக இல்லாமல் துருப்பிடிக்கும்போது உண்டாகும் ஹைட்ரஜனாகவும் இருக்கலாம், எனவே திருகைத் திறக்கும்போது பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

சூடானாலும் ஆறினாலும் முள் இம்மி அசையவில்லை என்றால் கேஜை நம்பாதீர்கள். அதற்குப் போகும் மெல்லிய குழாய் அடைத்திருக்கலாம். திரையில் எண்ணாகக் காட்டும் மாடலில் சென்சார் கெட்டிருக்கலாம். முள் கேஜ், திரை இரண்டும் இருக்கும் பாய்லரில் முள் ஒன்றும் திரை வேறொன்றும் சொன்னால், தண்ணீரை மேலும் ஏற்றாமல் அப்படியே விட்டுவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

கூப்பிடும்போது "பிரஷர் இறங்குது" என்று மட்டும் சொன்னால் அவர் வந்து தண்ணீரை ஏற்றிவிட்டுப் போகத்தான் வாய்ப்பு அதிகம். இப்படிச் சொல்லுங்கள்: ஆறியபோது இவ்வளவு, சூடானபோது இவ்வளவு, ஓடாத நாளில் இறங்குகிறது அல்லது இறங்கவில்லை, வெளிக்குழாயில் கட்டிய பை காய்ந்திருந்தது அல்லது நிறைந்திருந்தது, வால்வு மூடிய இரவில் முள் இங்கே நின்றது. கடைசியாக இன்ஹிபிட்டர் எப்போது ஊற்றினார்கள் என்பதும் தெரிந்தால் சொல்லுங்கள். பலமுறை தண்ணீர் ஏற்றியிருந்தால், கசிவைச் சரிசெய்த அதே நாளில் அதையும் புதிதாக ஊற்றிவிடச் சொல்லுங்கள்.